கச்சத்தீவும் இழுவைமடியும்: இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு தேர்தல் பிரச்சினையின் வரலாறு

இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வரும் பெரிய கட்சி எதுவும் கச்சத்தீவைப் பேசாமல் திரும்புவதில்லை. 285 ஏக்கர் தீவு அது. குடிதண்ணீர் கிடையாது, ஆண்டுக்கொரு முறை அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குத்தான் ஆள் கூடும். இது எப்படி இந்தக் கரையின் முதல் தேர்தல் கேள்வியானது, மீனவரின் அன்றாட இடரை அந்தக் கேள்வி எவ்வளவு தொடுகிறது என்பதே இங்கு ஆய்வுப் பொருள். தீவைப் பற்றிப் பேசியதில் கால்பங்குகூடக் கடலைப் பற்றி வாக்காளரிடம் யாரும் பேசவில்லை என்பது என் முடிவு.

இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனில் இருந்த தீவு இது. 1974 ஜூன் 26, 28 தேதிகளில் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்பாடு, கச்சத்தீவுக்கு ஒரு மைல் மேற்கே எல்லைக்கோட்டைப் போட்டது; தீவு இலங்கைப் பக்கம் போனது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் இதை அறிவித்தபோது, இத்தொகுதியின் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர் கடுமையாக எதிர்த்தார். ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. மேடைகளில் சொல்லப்படும் வரலாறு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனால் 1974 உடன்பாட்டின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் பக்தர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்றது. இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டு நீரில் வழிவழியாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது 6ஆம் பிரிவு. மீன்பிடிக்கும் உரிமையும் இதில் அடங்கும் என்று கரையில் நம்பினார்கள். வலை உலர்த்தவும் இளைப்பாறவும்தான் அனுமதி என்று அரசுகள் பொருள் கொண்டன. சந்தேகத்துக்கு இடமில்லாமல் வாசலை அடைத்தது 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்று அவை தெளிவாகச் சொல்லின.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். 1971 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் ஐந்தாண்டு முடிந்து, வாக்காளர் மீண்டும் வாக்களித்திருக்க வேண்டிய மாதம் அது. நெருக்கடிநிலையில் அவையின் காலம் நீட்டிக்கப்பட்டிருந்தது. தமிழக அரசும் ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது. மீனவரின் வலையைத் தடுத்த முடிவு எடுக்கப்பட்டபோது அவருக்காகக் கேள்வி கேட்கச் சட்டமன்றமே இல்லை. 1974ஐ அறிந்த அளவுக்கு 1976ஐ மக்கள் அறியாமல் போனதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறேன்.

இரண்டாவது இழை படகினுடையது. இறால் ஏற்றுமதியில் காசு புரளத் தொடங்கிய அறுபது, எழுபதுகளில் விசைப்படகும் இழுவைமடியும் பாக் நீரிணைக்குள் வந்தன. கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகும் மடி அது. நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுந்தன, மோதல்கள் மூண்டன. வாரத்தின் நாள்களையே இரு தரப்புக்கும் பங்கிட வேண்டியதாயிற்று. கரையை ஒட்டிய 3 கடல்மைலை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மீன்பிடிச் சட்டம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. அதற்கப்பால் எல்லைக்கோடு வரை விசைப்படகுக்கு மிஞ்சியது ஒடுங்கிய கடல். உள்நாட்டுப் போரில் இலங்கைத் தமிழ் மீனவர் கடலிறங்க முடியாமல் முடங்கிக் கிடந்த ஆண்டுகளில் நம் படகுகள் அப்பால் போய்ப் பழகின. போர் முடிந்த 2009க்குப் பின் அவர்கள் கடலுக்குத் திரும்பினார்கள். இம்முறை அறுந்தவை யாழ்ப்பாணத்து வலைகள். இழுவைமடியை ஓராண்டில் விடுவதாக 2010இல் இரு கரை மீனவரும் பேசி ஒப்புக்கொண்டதும் நடக்கவில்லை. 2017இல் இலங்கை அந்த மடியைச் சட்டப்படியே தடை செய்தது.

நம் படகுகள் பல பிடிபடுவது தீவைத் தாண்டி நெடுந்தீவு, தலைமன்னார்ப் பக்கம். கச்சத்தீவு மீண்டாலும் கோடு சில மைல்தான் நகரும். நெடுந்தீவுக் கடல் இலங்கையுடையதாகவே இருக்கும். ஜிபிஎஸ் பார்த்துப் படகோட்டும் தொழிலாளிக்கு இது தெரியும். படகு போனால் உரிமையாளருக்குக் கடன், சிறை போனால் குடும்பத்துக்குப் பட்டினி என்பதும் தெரியும். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்ததை இந்தக் கரை மறக்கவில்லை. அறியாமை மீனவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அறிந்தது மேடைக்கு ஏறவில்லை.

மேடையில் மீட்பு முழக்கமே ஓங்கியது. 1991இல் மீட்கக் கோரிச் சட்டமன்றத் தீர்மானம் வந்தது. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். தீவைத் திரும்பப் பெறுவதென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்று 2014இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி அதே நீதிமன்றத்தில் சொன்னார். 2024 மார்ச் 31 அன்று பிரதமர் மோடி கச்சத்தீவைத் தேர்தல் களத்துக்குக் கொண்டுவந்தார். 20 ஆண்டுகளில் 6,184 மீனவர் பிடிக்கப்பட்டனர், 1,175 படகுகள் பறிமுதலாயின என்று மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கணக்குச் சொன்னார். இராமநாதபுரத்தில் பா.ஜ.க. அணியின் ஆதரவோடு நின்ற ஓ. பன்னீர்செல்வம் 1.66 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தி.மு.க. அணியின் நவாஸ்கனியிடம் தோற்றார்.

இதில் வியப்பில்லை. திருச்சுழி, பரமக்குடி, முதுகுளத்தூர் என்று உள்நாட்டில் விரியும் தொகுதி இது. அங்கே கண்மாய்த் தண்ணீரும் மிளகாய் விலையும் குடிநீரும்தான் பேச்சு. அதே ஆண்டு லோக்நிதி ஆய்வமைப்பு நாடு முழுக்க நடத்திய கருத்தாய்வில் 27% பேர் வேலையின்மையையும் 23% பேர் விலைவாசியையும் முதன்மைப் பிரச்சினையாகச் சொன்னார்கள்.

2025 ஏப்ரல் 2 அன்று சட்டமன்றம் மீண்டும் மீட்புத் தீர்மானம் போட்டது. 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டமோ, மூன்றாண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாகச் சொல்லி, இலக்கின் அருகில்கூட வரவில்லை. தொடங்கியபோது 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மானியம் போக மீனவர் 8 லட்சம் கையிலிருந்தும் 16 லட்சம் கடனாகவும் போட வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்கும், படகு மாறும்வரை தொழிலாளியின் கூலிக்கும் என்ன வழி என்று, அடுத்து வாக்குக் கேட்டு வருபவர்கள் தங்கள் தேர்தல் அறிக்கையில் எழுதித் தர வேண்டும்.