லாரி எங்கள் பேரில், லோடு யார் பேரில்?

நாமக்கல் லாரித் தொழிலின் வரலாற்றை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். மழை பொய்த்த மேட்டுக்காடு, வற்றிப்போன கிணறு, காட்டை விற்று லாரி வாங்கிய விவசாயி, பிறகு பாடி கட்டும் பட்டறைகள், முட்டை லாரிகள், கேஸ் டேங்கர்கள். உழைத்து முன்னேறிய கதை. லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டியவன் யார், மேட்டில் நின்ற வண்டியின் டயருக்குக் கட்டை போட்டவன் யார் என்ற கேள்வி அந்தக் கதையில் வருவதே இல்லை. விற்பதற்குக் காடு இல்லாதவனுக்கும் அதே பஞ்சம்தான் வந்தது. அவன் என்ன ஆனான்?

எங்கள் கதையும் கிணற்றிலிருந்துதான் தொடங்குகிறது. கொல்லிமலை அடிவாரத்து அருந்ததியர் தெரு எங்களுடையது. எங்கள் தாத்தா கவலை ஏற்றத்துக்குத் தோல்பறி தைத்தவர். செத்த மாட்டைச் சுமந்து, உரித்து, தோலைப் பதப்படுத்தித் தைத்த பறியில்தான் ஊர்க் காடு முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. கூலியாகக் களத்தில் தானியம். 1950, 60களில் கரண்டு மோட்டார் வந்ததும் கவலை நின்றது. அந்த இழிவு போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பதிலாக எங்கள் கைக்கு எதுவும் வரவில்லை. காடு வைத்திருந்தவன் மோட்டாருக்கு மாறினான், தண்ணீர் வற்றியதும் காட்டை ஈடு காட்டி லாரிக்கு மாறினான். பறி தைத்தவன் மகன் அந்த லாரிக்குக் கிளீனர் ஆனான். எங்கப்பன் அப்படிப் போனவர்தான். ஊருக்குள் 'சாமி' என்று கூப்பிட்டவரை லாரியில் ஏறியதும் 'ஓனர்' என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் மாற்றம்.

கிளீனர் டிரைவராகலாம். டிரைவர் ஓனராவதுதான் கஷ்டம். 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பெர்மிட் வாங்கவே செல்வாக்கு வேண்டும். 1989 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பெர்மிட் சுலபமானது. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமாயின, 1974இல் தாட்கோ வந்தது. ஆனால் கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வி, 'ஜாமீனுக்கு என்ன இருக்கு?' என்பதுதான். புறம்போக்கில் போட்ட குடிசையை எந்த வங்கியும் ஜாமீனாக எடுத்துக்கொள்ளாது. சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிய லாரிகள்தான் இங்கே அதிகம். எங்கள் சொந்தக்காரர்களிடம் கைமாற்றுக்கு என்ன இருந்தது?

நான் 12 வருடம் டிரைவராக ஓட்டிய பிறகு, 2006இல், பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கினேன். பெண்டாட்டியின் தோடு, என் சேமிப்பு, மீதி தனியார் பைனான்ஸ். முன் கண்ணாடிக்கு மேலே அண்ணல் படம் வைத்தேன். தெருவே கூடி வந்து பார்த்தது. எங்கப்பன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்போது நெடுஞ்சாலை எண் 7 என்றிருந்து இப்போது 44 என்று ஆகிவிட்ட அந்த ரோட்டில் நாக்பூர் வரைக்கும் போனேன். வழியில் தாபாக்காரன் எவனும் 'எந்தத் தெரு?' என்று கேட்கவில்லை. தட்டும் டம்ளரும் எல்லோருக்கும் ஒன்று. நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப்போய்த்தான் அது கிடைத்தது.

லாரி என் பேரில் இருந்தது. லோடு என் பேரில் இல்லை. இதைப் புரியவைத்தது கொல்லிமலைதான். நெடுந்தூர லோடு இல்லாத நாட்களில் மலைக்கு மேலே மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போவேன். காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது காலி வண்டி, இறங்குவது முழு லோடு. பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் திணையும் விளைந்த காட்டில் ரோடும் சேகோ ஆலைகளும் வந்த பின் கிழங்கு ஏறிக்கொண்டது. தின்பதற்கு விளைந்த இடத்தில் விற்பதற்கு விளைந்தது. இதே மலையில் வெட்டிய பாக்சைட்டும் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு லாரியில்தான் இறங்கியது. 2008இல் அந்த ஆலையில் அலுமினிய உற்பத்தி நின்றது.

ஒருநாள் கிழங்கு ஏற்றும்போது மலைக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏந் தம்பி, கெழங்குக்குப் பாயிண்டு பாத்து வெலய கீழ இருக்கறவன் சொல்றான். உன் வண்டி வாடகைய ஆரு சொல்றா?"

"அதையும் கீழதானுங்க சொல்றாங்க."

"அப்ப நீயும் எங்களாட்டந்தான்" என்றார்.

கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதுதான் பாயிண்டு. அதை அளப்பது ஆலை. சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஓட்டு அவர்களுடையது, கிழங்கின் விலை அவர்களுடையதல்ல. அரசியலில் சமத்துவமும் பொருளாதாரத்தில் சமத்துவமின்மையும் சேர்ந்த முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை நான் அந்த மலைமேல்தான் விளங்கிக்கொண்டேன்.

புக்கிங் ஆபீசிலும் இதேதான். பார்ட்டி கொடுக்கும் வாடகை எவ்வளவு என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். கமிஷன் போக அட்வான்ஸ் ஒரு பகுதி, பாக்கி எப்போதோ. நல்ல லோடு முதலில் சொந்தக்கார வண்டிக்கு, பிறகு பத்து வண்டி வைத்திருப்பவனுக்கு. மிஞ்சியதுதான் ஒற்றை வண்டிக்காரனுக்கு. யாரும் சாதியைச் சொல்லி மறுக்கவில்லை. 'இன்னைக்கு லோடு இல்லப்பா' என்பார்கள், எனக்குப் பின்னால் வந்த வண்டி லோடோடு கிளம்பும்.

சட்டமும் எங்களைப் பார்க்கவில்லை. 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. குறைந்தது ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவன் 18 மணி நேரம் ஓட்டினாலும் கேட்க ஆளில்லை. காகிதத்தில் அவன் முதலாளி.

பிறகு அடி மேல் அடி. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள், வழிச் செலவுக்குக் காசில்லாமல் வண்டிகள் நின்றன. 2018 ஜூலையில் சுமை வரம்பு கூடியது. ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அதே சரக்குக்குக் குறைந்த லாரி போதும் என்றானதும் வாடகை இறங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது.

அந்த மாதம் என் பெண்டாட்டி ஒரு நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். "ஏனுங்க, இந்த 15 வருசம் நீங்க வேற ஓனருக்கு ஓட்டியிருந்தா சம்பளமும் படியும் என்ன வந்திருக்கும்? அதை மொதல்ல கழிங்க. அப்புறம் மிச்சத்தைப் பாருங்க."

கழித்துப் பார்த்தோம். மிச்சம் இல்லை. லாபம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் நான் எனக்கே கொடுக்காமல் விட்ட டிரைவர் சம்பளம். அதிலிருந்துதான் பைனான்சுக்கு வட்டி போயிருக்கிறது.

விற்பது என்று முடிவு செய்தபோது மாமா வந்து சண்டை போட்டார். "நம்ம தெருவுல இருக்கறதே ஒரு வண்டி. அதையும் வித்துப்புட்டா ஊர்க்காரன் என்ன பேசுவான்?" அவர் பயம் நியாயமானது. ஒடுக்கப்பட்டவன் ஒரு பொருளை விற்றால் 'வச்சுக் காப்பாத்தத் தெரியல' என்பார்கள். வேறு சாதிக்காரன் விற்றால் 'தொழில் மாத்திட்டான்' என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே கடனோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். 2021 டிசம்பரில் வண்டியைக் கொடுத்தேன். கடன் அடைந்தது. இப்போது ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறேன். மாதச் சம்பளம், பி.எஃப்., இரவில் வீட்டில் தூக்கம்.

இதைத் தோல்வி என்று நான் எழுதவில்லை. நம்மில் சிலர் தலித் முதலாளிகள் உருவானால் விடுதலை வரும் என்கிறார்கள். மூலதனத்தில் பங்கு வேண்டும் என்று 2002இல் போபாலில் கூடியவர்கள் கேட்டது சரியான கோரிக்கைதான். ஆனால் கடனில் வாங்கிய ஒற்றை லாரி மூலதனமாகாது. லோடும் வாடகையும் கடனும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களிடம்தான் மூலதனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களின் கொள்முதலில் 4 சதவீதம் தலித், பழங்குடியினரின் சிறு தொழில்களிடமிருந்து என்று 2012இல் விதி வந்தது. அதே போல ரேஷன் அரிசி, சத்துணவு முட்டை, பாடநூல் என்று அரசு ஏற்றும் லோடுகளில் எங்கள் வண்டிகளுக்குப் பங்கு கேட்க வேண்டும். ஒற்றை வண்டிக்காரர்களும் மலையில் கிழங்கு போடுகிறவர்களும் சேர்ந்து சொந்தமாகக் கூட்டுறவு புக்கிங் ஆபீஸ் வைக்க வேண்டும். இளைஞர்களுக்கு வண்டிக்கடன் மனு எழுதிக் கொடுக்கும் தோழர்கள், 'லோடு எங்கிருந்து வரும்?' என்று முதலில் கேட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள்.