வைரம் அடகுக்குப் போன வருஷம்

ஜாம்ஷெட்பூருக்கு மாற்றலாகி வரும் எந்த வங்கி அதிகாரிக்கும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். 1924-ல் டாடா இரும்பு ஆலையில் சம்பளம் போடக் காசில்லை, சர் தொராப்ஜி டாடா மனைவியின் நகைகளைக்கூட அடகு வைத்து ஆலையைக் காப்பாற்றினார் என்று. தியாகக் கதையாகத்தான் சொல்வார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக லோன் ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வேறு கேள்விதான் முதலில் வருகிறது. முதல் உலகப்போர் முழுக்க ஆர்டருக்குப் பஞ்சமில்லாமல் ஓடிய ஆலை அது. போர் முடிந்து ஆறே வருஷத்தில் சம்பளத்துக்கே பணம் இல்லாமல் போனது எப்படி?

பதில் இரண்டு எண்களில் இருக்கிறது. ஒன்று, தொழிலை நடத்தியதில் கைக்கு வந்த ரொக்கம், அதாவது ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ. இன்னொன்று, இயந்திரம், கட்டடம், உலை என்று போட்ட மூலதனச் செலவு. லாப நஷ்டக் கணக்கில் இந்த இரண்டாவது எண் நேரடியாகத் தெரியாது. நூறு கோடிக்கு உலை வாங்கினால், அந்த வருஷ லாபத்திலிருந்து கழிவது தேய்மானம் மட்டும்தான். ஆனால் பெட்டியிலிருந்து நூறு கோடியும் போய்விடும்!

சரி, கதைக்கு வருவோம். 1907-ல் பம்பாயில் டாடா இரும்பு கம்பெனி பங்கு வெளியிட்டபோது சுமார் 8,000 பேர் வரிசையில் நின்று, மூன்றே வாரத்தில் 16 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள். நடைமுறை மூலதனத்துக்காக வெளியிட்ட 4 லட்சம் பவுண்டு கடன் பத்திரங்களைக் குவாலியர் மகாராஜா சிந்தியா ஒருவரே வாங்கிக்கொண்டார். 1912-ல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. போர் வந்தது. மெசபடோமியாவுக்கு ரயில் தண்டவாளங்கள் இங்கிருந்துதான் போயின. அந்த நன்றிக்காகத்தான் 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு வந்து, சாக்சி என்ற ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்.

இந்த நல்ல காலத்தில்தான் பெரும் விரிவாக்கத் திட்டம் எடுத்தார்கள். உற்பத்தியை மூன்று மடங்குக்கும் மேலாக உயர்த்துவது திட்டம். முடிவு தப்பில்லை. நாட்டுக்கு எஃகு தேவைப்பட்டது, வாங்க ஆளும் இருந்தார்கள். தப்பிப்போனது காலக்கணக்கு. இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தது விலை உச்சத்தில் இருந்தபோது. 1920-ல் உயரத்தில் இருந்த ரூபாயின் மதிப்பு 1921-ல் சரிந்ததால், வெளிநாட்டு இயந்திரத்தின் ரூபாய் விலை இன்னும் ஏறியது. புதிய பிரிவுகள் உற்பத்திக்கு வர வருஷங்கள் ஆயின. அதற்குள் ஐரோப்பிய ஆலைகள் மீண்டும் ஓட ஆரம்பித்து, பெல்ஜியம் எஃகு மலிவாக வந்து இறங்கியது. வார்ப்பிரும்பு வாங்கிய ஜப்பானில் 1923-ல் பெரும் பூகம்பம். உள்ளே வரும் பணம் சுருங்கியது, வெளியே போகும் பணம் நிற்கவில்லை. பாதி கட்டிய உலையை அப்படியே விட்டுவிட முடியாதே!

இதை ஒரு கற்பனைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆலைக்கு வருஷம் 100 கோடி ரொக்கம் வருகிறது. பழைய இயந்திரங்களை ஓட்ட நிலையில் வைத்திருக்கவே 40 கோடி வேண்டும். மிச்சம் 60. மூன்று வருஷத்தில் 900 கோடிக்குப் புது ஆலை கட்டுகிறார்கள். சொந்தப் பணம் 180 கோடி, கடன் 720 கோடி. பத்து சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 72 கோடி. மிச்சமோ 60! புது ஆலை ஓடத் தொடங்கும்வரை வட்டி கட்டவே கடன் வாங்க வேண்டும். இந்த நேரத்தில் எஃகு விலை விழுந்து 100 என்பது 50 ஆனால்? பராமரிப்பு போக மிஞ்சுவது பத்தே கோடி. நம் கணக்கியல் தரத்தின்படி பெரும்பாலான கம்பெனிகள் கட்டும் வட்டி நிதிப் பிரிவில்தான் போகும். அதனால் ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவைப் பார்க்கும்போது வட்டியைத் தனியாகக் கழித்துப் பார்ப்பது நல்லது.

1924-ல் நடந்ததும் இந்த ரகம்தான். சம்பளம் கொடுக்கப் பணம் போதாது என்று ஜாம்ஷெட்பூரிலிருந்து தந்தி வந்தது. தொராப்ஜி தன் சொந்தச் சொத்து முழுவதையும், சுமார் ஒரு கோடி ரூபாய் பெறும், இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கினார். மனைவி மெஹர்பாயின் ஜூபிலி வைரமும் அதில் அடக்கம். 245 காரட், கோஹினூரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. (அந்த வங்கிதான் 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது.) அதே வருஷம் எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து, இறக்குமதிக்கு வரி விழுந்தது. விரிவாக்கம் முடிந்து உற்பத்தி பெருகியதும் ஆலை நிமிர்ந்தது.

ஆக, இடைவெளியை நிரப்பியவர்கள் இரண்டு பேர். முதலாளி தன் சொத்தை வைத்தார். எஃகு வாங்கியவர்கள் வரி மூலமாக விலை கொடுத்தார்கள். கதை சொல்கிறவர்கள் முதல் ஆளை மட்டும்தான் சொல்வார்கள் :-)

மூலதனச் செலவு ரொக்க வரவைவிட அதிகமாக இருந்தாலே கம்பெனி மோசம் என்று சொல்ல வரவில்லை. வளர்கிற எந்தக் கம்பெனியும் சில வருஷங்கள் அப்படித்தான் இருக்கும். அந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஜாம்ஷெட்பூரே வளர்ந்திருக்காது. கேட்க வேண்டியது, இடைவெளி எத்தனை வருஷம், நடுவில் விலை விழுந்தால் தாங்குமா, நிரப்புவது யார் பணம் என்பதுதான்.

இந்த மூன்றாவது கேள்வியை 2004-க்குப் பிறகு வந்த கட்டுமான அலையில் நாடு முழுக்க மறந்தோம். எஃகு, மின்சாரம், சாலை என்று எல்லாவற்றிலும் இடைவெளியை நிரப்பியது வங்கிகள், அதாவது டெபாசிட் போட்டவர்களின் பணம். 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. ஒடிசாவில் பெரிய ஆலை கட்டிய பூஷண் ஸ்டீல் 2017-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. நிதி நிறுவனங்களுக்கு வரவேண்டியது சுமார் 56,000 கோடி, ரொக்கமாகக் கிடைத்தது சுமார் 35,200 கோடி. 2018-ல் அந்தப் பணத்தைக் கொடுத்து ஆலையை வாங்கியது யார் தெரியுமா? இதே டாடா ஸ்டீல்தான்.

1924-ல் ஜாம்ஷெட்பூர் கம்பெனியின் பங்குதாரருக்கு ரொக்க ஓட்ட அறிக்கை என்று ஒன்று கிடையாது. நமக்கு இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் அது வந்துகொண்டிருக்கிறது. லாப நஷ்டக் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐந்து வருஷ எண்களை இரண்டு வரிசையாகத் துண்டுத்தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. மைனஸ் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த மைனஸை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் அடுத்த பக்கத்தில் தேடுங்கள்.