பேட்டரிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

அரசு கொடுத்த லேப்டாப்பின் பழைய பேட்டரிக்குள், உருளை வடிவ லித்தியம் செல்களின் ஓரமாக ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கும். அதிலிருக்கும் சிப்தான் பேட்டரியின் கணக்குப்பிள்ளை. வரவு, செலவு இரண்டும் அதன் கையில்.

அது பேசும் பாஷை பேட்டரிக்காகப் பிறந்ததல்ல. 1980-களின் தொடக்கத்தில், டிவி பெட்டிக்குள் சிப்புக்குச் சிப் ஓடிய கம்பிகளைக் குறைக்க நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் ஐ-ஸ்கொயர்-சி முறையை உருவாக்கியது. இரண்டே கம்பிகள்: ஒன்றில் தாளம், ஒன்றில் தகவல். 1990-களின் நடுவில் இன்டெலும் டியூராசெல்லும் அதற்குக் கறாரான விதிகள் சேர்த்து எஸ்எம்பஸ் ஆக்கின. பேட்டரிக்குக் கிடைத்த முகவரி எண் 11. லேப்டாப்பின் கீபோர்டைக் கவனிக்கும் கன்ட்ரோலரே 11-ஐ அழைத்து விசாரிக்கும். 13 என்று கேட்டால் மிச்சமுள்ள சதவீதம், 9 என்றால் வோல்டேஜ், 8 என்றால் சூடு. சூட்டை மட்டும் கெல்வினில், பத்தால் பெருக்கிச் சொல்லும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொட்ட பேட்டரி தரும் பதில் 3131. பொறியாளர்களின் ரசனை அப்படி!

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றிய ஊர்களுக்கும் இந்தச் சிப் பள்ளிக்கூடம் வழியாகத்தான் வந்தது. அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு. திரை மூலையில் தெரிந்த சதவீதத்தை நம்பித்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த எண் பொய் சொல்லும் என்பதும் அப்போதே பலருக்குத் தெரிந்துபோனது. முப்பது காட்டும், பொசுக்கென்று அணையும். சிப் மின்னோட்டத்தை அளப்பது மிகச் சிறிய ரெசிஸ்டர் வழியாக. அது 10 மில்லி ஓம் என்றால், 2 ஆம்பியர் ஓடும்போது கிடைப்பது 20 மில்லி வோல்ட்தான். அதை நேரத்தால் பெருக்கிக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேரும். பேட்டரி முழுதாக நிரம்பி, முழுதாக இறங்கினால்தான் கணக்கு நேராகும். ஒரு மணி நேரம் கரன்ட், ஒரு மணி நேரம் இருட்டு என்றிருந்த ஊரில் அது நிரம்புவது எப்போது, இறங்குவது எப்போது? பழியைச் சிப்பின் மேல் போடுவது நியாயமில்லை.

மதுரை டவுன்ஹால் ரோடு, மீனாட்சி பஜார் பக்கமுள்ள ரிப்பேர் கடைகளில் கதை வேறு விதமாகச் சிக்கலாகும். செத்த செல்லை எடுத்துவிட்டுப் புதுசு போடலாம். ஆனால் கணக்குப்பிள்ளை பழைய பேரேட்டையே வைத்திருப்பார்: அதே பழைய கொள்ளளவு, அதே சார்ஜ் சுற்றுகள். செல்லைக் கழற்றும்போது போர்டுக்குக் கரன்ட் நின்றால், சில சிப்கள் நிரந்தரக் கோளாறு என்று பதிந்து சார்ஜையே மறுத்துவிடும். அதை நீக்க, அதே இரண்டு கம்பிகளில் யுஎஸ்பி கருவியை இணைத்துச் சிப்போடு பேச வேண்டும். தயாரிப்பாளர் சாவி எண் போட்டுப் பூட்டியிருந்தால் அதுவும் நடக்காது. நல்ல போர்டு குப்பைக்குப் போவதற்கு இந்தப் பூட்டு ஒரு முக்கியக் காரணம். பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்பார்கள், பாதி உண்மை.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு லேப்டாப் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் லினக்ஸில் திறந்து, பேட்டரி விவரத்தில் இன்றைய முழுக் கொள்ளளவையும் தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், பிரிக்கவும் வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.