காசு கேளாத திடல்

கொழும்பு மாநகரிலே பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. படமாளிகைகள் இருக்கின்றன. தெஹிவளையில் மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது. இப்போது குளிரூட்டிய அங்காடித் தொகுதிகளும் வந்துவிட்டன. இவற்றுள் பெரும்பாலானவை வாசலிலேயே நமது சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பவை. வாசலே இல்லாத பொழுதுபோக்கிடம் ஒன்று உண்டு. அதுதான் காலிமுகத்திடல். இன்றைய உரையில் அதன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு புல்வெளிக்கு என்ன வரலாறு என்று நேயர்கள் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். அங்கே யார் உலாவலாம், யார் உட்காரலாம் என்ற வழக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

கொழும்புக் கோட்டையின் தெற்குப் பக்கம் காலிக்குப் போகும் வழியை நோக்கியிருந்தது. அந்த முகப்புக்கு எதிரே கிடந்த வெளிதான் காலிமுகம். ஒல்லாந்தர் காலத்தில் பீரங்கிகளின் பார்வைக்கு மறைவாக எதுவும் எழும்பக்கூடாது என்பதற்காகவே அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். தமிழிலே 'காலி' என்ற சொல்லுக்கு வெறுமை என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? தற்செயலாக அமைந்த பொருத்தம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த பொருத்தம்.

1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1820களில் பீரங்கியின் மைதானத்தில் குதிரைகள் ஓடத் தொடங்கின. பந்தயம் பார்க்கக் கட்டிய வட்ட மண்டபம் பின்னாளில் கொழும்புக் கழகமாயிற்று. அதற்குள்ளே ஐரோப்பியருக்கு மாத்திரமே இடம். கோல்ஃப் விளையாட்டும் அந்தப் புல்லிலேதான் இங்கு கால்கொண்டது. றோயல் கல்லூரியும் பரி. தோமஸ் கல்லூரியும் இன்றுவரை ஆடிவரும் கிரிக்கெட் போட்டியின் முதல் ஆட்டங்கள் 1879இலும் 1880இலும் அங்கேயே நடைபெற்றன. மாணவர்கள் பேர வாவியைப் படகிலே கடந்து ஆட்டத்துக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள். குதிரைப் பந்தயம் 1893இல் கறுவாத் தோட்டத்துக்குப் போயிற்று.

இந்தக் கனவான்களின் விளையாட்டுக்களுக்கு நடுவேதான் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் ஒரு காரியம் செய்தார். கடலோரமாக நீண்ட நடைபாதை ஒன்றை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணிக்கொள்ளுமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொள்ளும் கல்லொன்றையும் நட்டார். நல்ல மனதுதான். ஆனால் அவர் மனதிலிருந்த பெண்கள் குதிரை வண்டியில் வந்திறங்கிய சீமாட்டிகள். அவர்களுடைய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த ஆயாமார் அந்தக் கணக்கில் சேர்த்தியா என்பது கல்லில் இல்லை.

கடற்கரை உலா என்றதும் நம்மவர்களுக்குச் சென்னை மெரினாவே நினைவுக்கு வரும். அங்கே கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்து உலாவீதியை அமைத்தது 1880களில். நமது நடைபாதை அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. வார்ட் 1860இல் இங்கிருந்து மாற்றலாகிச் சென்னைக்கே ஆளுநராகச் சென்றார். சில வாரங்களுக்குள் வாந்திபேதி கண்டு அங்கே இறந்துபோனார்.

சீமாட்டிகளின் நடைபாதை சாதாரண சனங்களின் கைக்கு வந்தது எந்த நாளில் என்று திகதி குறிக்க முடியாது. எந்தச் சட்டமும் அதைச் செய்யவில்லை. மாலையில் காற்று வீசியது, சனம் வந்தது, அவ்வளவுதான். நான் எழுபதுகளில் உத்தியோகம் பார்க்கக் கொழும்புக்கு வந்தபோது வெள்ளவத்தையில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருந்தோம். மாதக் கடைசியில் படம் பார்க்கக் காசிராது. பஸ் காசு மட்டும் இருந்தால் போதும், காலிமுகத்திடலில் இறங்கிவிடலாம். பருப்பு வடையின் முகத்திலே முழு இறால்களைப் பதித்துப் பொரித்துத் தருவார்கள். அதன்மேல் வெங்காயமும் உறைப்புச் சாறும் போட்டுக் கடதாசியில் வைத்துக் கையில் தரும்போது விரல் சுடும். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய அன்னாசித் துண்டு ஒருபக்கம், கடலை வண்டி மறுபக்கம். ஒரு குடைக்குள்ளே இரண்டு தலைகளை ஒளித்துக்கொண்டு கடலைப் பார்த்திருக்கும் காதலர்கள். அவர்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு போகும் எங்களைப் போன்ற லிகிதர்கள். பட்டம் மட்டும் எனக்குப் புதினமாக இருந்தது. எங்கள் ஊரில் தை மாதம்தான் பட்டக்காலம். கொழும்பிலோ தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆடி, ஆவணியில் வானம் நிறையப் பட்டம். காற்று வேறு, மாதம் வேறு, நூலைப் பிடித்திருக்கும் பையனின் முகம் ஒன்றுதான்.

எங்கள் அறையில் ஒரு மூத்த லிகிதர் இருந்தார். எங்களோடு படத்துக்கு வருவார், கோயிலுக்கு வருவார். காலிமுகத்திடலுக்கு மாத்திரம் வரமாட்டார். நாங்கள் வற்புறுத்தினால் வீதியின் இந்தப் பக்கம் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவார். புல்லில் கால் வைத்ததை நான் கண்டதில்லை. 1956 யூன் 5ஆந் திகதி அவர் அங்கே இருந்தவர் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

அன்று சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அப்போதைய பாராளுமன்றக் கட்டடம், 1930இல் திறக்கப்பட்டது, திடலின் வடக்கு ஓரத்தில்தான் நிற்கிறது. அதற்கெதிரே தந்தை செல்வாவின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். செய்ததெல்லாம் புல்லிலே உட்கார்ந்ததுதான். கூட்டம் ஒன்று பாய்ந்து அடித்தது. சிலரைப் பேர வாவியில் தூக்கிப் போட்டார்கள். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமிர்தலிங்கம் தலையில் காயக்கட்டோடு சபைக்குள் போனார். மசோதா அந்த மாதத்திலேயே நிறைவேறிற்று. அங்கே எத்தனையோ ஆயிரம் பேர் காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் எதுவும் கேட்டதில்லை. மொழிக்காக உட்கார்ந்தவனுக்குத்தான் அது யாருடைய புல் என்று சொல்லிக் காட்டப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் வடை தின்னப் போனேனா என்றால், போனேன். தொண்ணூறுகளில் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போது ஒரு மாலைக் காற்றுக்கு எத்தனை சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் காலத்தவர் அறிவர். காசு கேளாத திடல், பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டது.

2016 பெப்ரவரி 4ஆந் திகதி சுதந்திர தின விழா அதே திடலில் நடைபெற்றது. அரச விழாவில் பல தசாப்தங்களுக்குப் பின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. எங்கள் மூத்தவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

2020இல் ஆர்ப்பாட்டம் செய்வோருக்கென்று அங்கே ஒரு துண்டு நிலம் ஒதுக்கி அறிவித்தல் பலகையும் வைத்தார்கள். 2022 ஏப்ரில் 9ஆந் திகதி இளைஞர்கள் வந்து பலகைக்குள் அடங்காமல் திடலோரமெங்கும் கூடாரம் அடித்தார்கள். எரிபொருளும் மருந்தும் இல்லாத நாட்டிலே அங்கே ஒரு நூலகம் திறந்தது. கூடாரத்துக்குள் படம் காட்டினார்கள், பாடினார்கள், நாடகம் போட்டார்கள். போராட்டம் எது, பொழுதுபோக்கு எது என்று பிரிக்க முடியாத அந்த வாரங்களில்தான், மே 18ஆந் திகதி, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக அங்கே விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தவர்களில் சிங்கள இளைஞர்களும் இருந்தார்கள். யூலை 22ஆந் திகதி விடியுமுன்னே படையினர் புகுந்து, சனாதிபதி செயலகத்துக்கு முன்னிருந்த கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். சனாதிபதி செயலகமென்பது வேறெதுவுமல்ல, அந்தப் பழைய பாராளுமன்றக் கட்டடந்தான்.

2023இல் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. இனித் திடல் பொதுமக்கள் ஓய்வாகப் பொழுதைக் கழிப்பதற்கே. சமய நிகழ்வுகள் தவிர வேறு நிகழ்வுகளுக்கு அது கொடுக்கப்படாது என்பதே அன்றைய முடிவு. வடக்கே கடல் கிடந்த இடத்தில் இப்போது 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் கிடக்கிறது. மேற்கே சூரியன் இறங்கும் பக்கத்தில் மாத்திரம் இன்னும் யாரும் மண் போடவில்லை. மாலை ஐந்து மணிக்குமேல் போனால் இறால் வடை சூடாகக் கிடைக்கும்.