துறவி என்று பெயர் பெற்ற குடித்தனக்காரன்

மணலில் கிடக்கும் அழகான சங்கை எடுக்கக் கை நீட்டினால், அது திடீரென்று கால் முளைத்து ஓட ஆரம்பிக்கும்! கடற்கரைக்குப் போய் வந்த குழந்தைகள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். சங்குக்குள் இருப்பது ஒரு நண்டு. சங்கு அதனுடையது அல்ல, எப்போதோ செத்துப்போன ஒரு கடல் நத்தையுடையது. தனியாக ஒரு குகைக்குள் முடங்கிக் கிடக்கும் சாமியாரைப் போல இருக்கிறது என்று ஆங்கிலேயர் இதற்கு 'ஹெர்மிட் கிராப்' என்று பெயர் வைத்தார்கள். அதையே மொழிபெயர்த்துத் தமிழில் துறவி நண்டு என்கிறோம்.

இந்தத் துறவி நண்டு இன்று உலகின் பல நாடுகளில் செல்லப்பிராணி. நாய்க்குட்டி வாங்கித் தர மனமில்லாத பெற்றோர் குழந்தைக்கு வாங்கித் தரும் பிராணி என்றும் சொல்லலாம். குரைக்காது, கடித்துக் குதறாது, விலையும் குறைவு. "இதற்கு ஒன்றுமே வேண்டாம்" என்பதுதான் அதன் விற்பனை மந்திரம். இந்த மந்திரம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு உண்மை என்பதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நண்டைக் கவனித்து எழுதியிருக்கிறார். மற்ற நத்தைகளைப் போல இது ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, காலியான ஓட்டில் நுழைந்து வாழ்கிறது, வளர வளர பெரிய ஓட்டுக்கு மாறிக்கொள்கிறது என்ற மூன்று விஷயங்களையும் சரியாகச் சொன்னார். (சேற்றிலிருந்து பிறக்கிறது என்றும் சொன்னார். அது தவறு!) ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த ஹாலந்து நாட்டு அறிஞர் ஸ்வாமர்டாம், நுண்ணோக்கி வைத்துப் பூச்சிகளை அறுத்து ஆராய்ந்த மேதை, இந்த விஷயத்தில் பின்னால் போய்விட்டார். அந்த ஓடு நண்டுக்குப் பிறவியிலேயே சொந்தம், வீடு மாறும் கதையெல்லாம் கட்டுக்கதை என்று வாதிட்டார். அவர் 1680-ல் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அச்சான நூலில் இந்த வாதம் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து பார்த்தவர் சரியாகவும், மேசையில் வைத்து அறுத்தவர் தவறாகவும் சொன்னார்கள். இந்த நண்டின் கதையில் இது பலமுறை திரும்ப வரும்.

பெயர் வைத்ததிலும் இதே குழப்பம்தான். உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டிய லின்னேயஸ், 1758-ல் ஒரு வகைக்கு டயோஜெனிஸ் என்று பெயர் வைத்தார். ஊரை வெறுத்து ஒரு பெரிய ஜாடிக்குள் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க ஞானி அவர். எல்லாரும் தனிமையையே பார்த்தார்கள். ஆனால் நிலத்தில் வாழும் துறவி நண்டு இனத்துக்கு 1829-ல் பெயர் வைத்த பிரெஞ்சு அறிஞர் லாட்ரெய்ல் 'கீனோபிட்டா' என்றார். மடத்தில் கூட்டமாக வாழும் துறவி என்பது அதன் பொருள். தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, அந்தப் பெயரில்தான் உண்மை இருக்கிறது. ஜப்பானியர் வைத்த பெயர் இன்னும் அழகு. 'யாடோகாரி', அதாவது தங்க இடம் இரவல் வாங்குபவர். நம்மூர் பாஷையில் சொன்னால் குடித்தனக்காரர்!

கரீபியன் கடல் தீவுகளில் இதற்குச் 'சிப்பாய்' என்று பெயர். கவசத்துக்குள் இருப்பதாலும் சண்டைக்கு நிற்பதாலும் வந்த பெயராக இருக்க வேண்டும். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சிப்பாய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலுமிகள் இவற்றைச் சுட்டுத் தின்றார்கள். ஆனால் மான்சினீல் என்ற நச்சு மரத்தின் அடியில் வாழும் நண்டுகளைத் தின்றால் உடம்புக்கு ஆகாது என்றும் எச்சரிக்கிறார். நண்டு எதைத் தின்கிறது என்பது அன்றைக்கு மாலுமிகளுக்கு உயிர்ப் பிரச்சினை! பின்னாளில் நண்டை வளர்த்தவர்கள் அதன் தீனியைப் பற்றி அந்த அளவுக்குக் கூடக் கவலைப்படவில்லை.

வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் மோகம் முதலில் இங்கிலாந்தில் கிளம்பியது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்கள் வாழும் கண்ணாடித் தொட்டிகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்குவேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அவ்வளவுதான், நடுத்தர வர்க்கமே கையில் ஜாடியுடன் கடற்கரைக்கு ஓடியது. கடலில் வாழும் துறவி நண்டுகளும் தொட்டிக்குள் வந்தன. காஸ் நல்ல கவனிப்பாளர். நண்டு வீடு மாறும்போது தன் ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் கடல் சாமந்தியையும் கொடுக்கால் மெல்லப் பெயர்த்துப் புது வீட்டுக்குக் கொண்டு போவதைத் தொட்டியில் பார்த்து எழுதினார். ஆனால் அவருடைய நூல்களைப் படித்தவர்கள் பாறைக் குட்டைகளைச் சுரண்டிக் காலி செய்துவிட்டார்கள். அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியிட்ட தன் நினைவு நூலில், அழகாக இருந்த அந்தக் கரைகள் பாழாகிப் போனதை வேதனையோடு எழுதியிருக்கிறார்.

நிலத்து நண்டுகளின் முறை 1970களில் வந்தது. அமெரிக்காவின் கடற்கரை ஊர்க் கடைகளில் கரீபியன் நண்டுகள் விற்பனைக்கு வந்தன. அறிவியல் பெயர் கீனோபிட்டா கிளிப்பியேட்டஸ். இடது கொடுக்கு பெரிதாக, ஊதா நிறத்தில் இருக்கும். ஹைத்தி போன்ற இடங்களின் கரைகளில் பொறுக்கி மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். ஒரு சிறிய கம்பிக்கூண்டு, அடியில் கொஞ்சம் கலர் கூழாங்கல், ஒரு ஸ்பாஞ்சு, ஒரு டப்பி உருண்டைத் தீனி, அவ்வளவுதான் செட். ஓடு சாதாரணமாக இருந்தால் குழந்தைகளுக்குப் பிடிக்காதே, அதனால் கால்பந்து, கொடி, கார்ட்டூன் முகம் என்று பெயின்ட் அடித்த ஓடுகள். நியூஜெர்சியின் ஓஷன் சிட்டியில் துறவி நண்டுகளுக்கு 'மிஸ் கிரஸ்டேஷன்' என்ற அழகுப் போட்டியே நடத்தினார்கள்!

அந்தக் கம்பிக்கூண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிலத்தில் வாழ்ந்தாலும் இந்த நண்டு செவுளால் மூச்சு விடும் பிராணி. செவுள் ஈரமாக இருந்தால்தான் காற்றிலிருந்து பிராணவாயு உள்ளே போகும். அதனால்தான் ஓட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டே திரிகிறது. காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏ.சி.யோ ஹீட்டரோ ஓடும் அறையில், நாலு பக்கமும் திறந்த கம்பிக்கூண்டில் வைத்தால் செவுள் காய்ந்துகொண்டே வரும். மூச்சுத் திணறித்தான் சாகும், ஆனால் மெதுவாக. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். சத்தம் போடாது. அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "சாதுவான பிராணி" என்றார்கள்.

இதெல்லாம் அப்போது தெரியாது என்று சொல்ல முடியாது என்பதுதான் வருத்தமான விஷயம். இதே இனத்தின் குஞ்சுகளை முட்டையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஒவ்வொரு பருவத்தையும் விவரித்து 1962-லேயே புரோவென்சானோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கட்டுரை எழுதிவிட்டார். தாய் நண்டு கடலோரத்துக்கு வந்து முட்டைகளை நீரில் விடுகிறது, குஞ்சுகள் சில வாரங்கள் கடலில் மிதந்து வளர்ந்து, கடுகளவு ஓடு தேடிக்கொண்டு கரையேறுகின்றன என்பது தெரிந்திருந்தது. கடல் இல்லாத கூண்டில் இது குட்டி போடாது என்பதும் அதிலேயே அடக்கம். 1973-ல் டி வில்டே என்ற டச்சு ஆய்வாளர் குராசோ தீவில் இந்த நண்டுகளைப் பற்றிச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. அதில் ஒரு முக்கியப் பகுதியே நண்டு தன் உடம்பின் நீரையும் உப்பையும் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான். நல்ல தண்ணீரும் வேண்டும், கடல் தண்ணீரும் வேண்டும். கூண்டு விற்றவர்கள் கொடுத்ததோ ஒரு ஸ்பாஞ்சு! நூலகத்தில் இருந்த விஷயம் கடைத்தெருவுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

அடுத்த கொடுமை தோல் உரிப்பது. எல்லா நண்டுகளையும் போல இதுவும் வளரும்போது மேல்தோட்டைக் கழற்றிப் போட வேண்டும். அதற்கு ஈர மணலில் ஆழமாகத் தோண்டிப் போய், இருட்டில், வாரக்கணக்கில் கிடக்கும். உரித்த தோட்டையே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கூழாங்கல்லில் எப்படித் தோண்டுவது? மேலேயே உரிக்கும், உடம்பு மெத்தென்று இருக்கும் அந்த நேரத்தில் பக்கத்து நண்டு வந்து தின்றுவிடும். மணல் போட்டவர்களோ, பல நாள் வெளியே வராத நண்டைச் செத்துவிட்டது என்று தோண்டி எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அதில் உயிரோடு போனவை எத்தனையோ! இன்று விவரம் தெரிந்து வளர்ப்பவர்கள், இருக்கும் பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்துக்காவது மணலும் தேங்காய் நார்த் தூளும் கலந்து, மணல் வீடு கட்டுகிற பதத்தில் நனைத்துப் போடுகிறார்கள். கண்ணாடித் தொட்டி, மேலே மூடி, குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் ஒரு பாத்திரம், கடல் மீன் தொட்டிக்கான உப்புக் கலந்த தண்ணீர் ஒரு பாத்திரம். இப்படிப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு காலம் இருக்கும்? ஃபுளோரிடாவில் 1970களில் வாங்கிய ஒரு நண்டு முப்பது ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தது.

தீனி விஷயம் சுவாரசியமானது. இயற்கையில் இது தின்னாதது குறைவு. அழுகிய பழம், உதிர்ந்த இலை, மரப்பட்டை, கரை ஒதுங்கிய மீன், பிற விலங்குகளின் சாணம் வரை எல்லாம் தின்னும். அதனால் "எதைப் போட்டாலும் தின்னும்" என்று ஒரே உருண்டைத் தீனியைத் தினமும் போட்டார்கள். 1990களில் தாக்கர் என்ற ஆய்வாளர், பசிபிக் கரையில் வாழும் இதன் உறவினமான கீனோபிட்டா கம்ப்ரெஸ்ஸஸ் நண்டுகளுக்கு ஒரு தீனியைக் கொடுத்துவிட்டுப் பிறகு பல தீனிகளை எதிரே வைத்துப் பார்த்தார். சற்று முன் தின்றதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போயின! பலதும் தின்னும் பிராணிக்குப் பலதும் தேவை. இரண்டும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு அந்த உருண்டைகள் பலவற்றில் கெடாமல் இருக்க மருந்தும், தாமிர உப்பும் சேர்த்திருந்தார்கள். தாமிரம் அதிகமானால் நண்டு இனத்துக்கு விஷம்.

கடைசியாக வீட்டுக்கு, அதாவது ஓட்டுக்கு வருவோம். பெர்முடா தீவில் இந்த நண்டுகளுக்குப் பிடித்தமான ஓடு சிட்டேரியம் பைக்கா என்ற பெரிய கடல் நத்தையுடையது. குடியேறிய மனிதர்கள் அந்த நத்தையைப் பிடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள். புது ஓடு வருவது நின்றுபோனது. நண்டுகள் என்ன செய்தன தெரியுமா? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த புதைபடிவ ஓடுகள் அரிப்பில் வெளிப்பட, அவற்றைத் தேடி எடுத்துக் குடியேறின! இதை சாலி வாக்கர் என்ற ஆய்வாளர் 1994-ல் எழுதினார். 1982-ல் அந்த நத்தையை வெளியிலிருந்து கொண்டுவந்து பெர்முடாவில் விட்ட பிறகுதான் புது ஓடுகள் மீண்டும் கிடைக்கத் தொடங்கின.

ஓடு என்பது நண்டுகளுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. மார்க் லெய்டர் கோஸ்டா ரிகாவில் கம்ப்ரெஸ்ஸஸ் நண்டுகளை ஆராய்ந்து 2012-ல் எழுதியதைப் பார்த்தால் இது புரியும். ஒவ்வொரு நண்டும் தான் இருக்கும் ஓட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் குடைந்து விசாலமாக்குகிறது. அதை விட்டுப் போனதும் இன்னொன்று வருகிறது, மேலும் குடைகிறது. வளர்ந்த நண்டுகளுக்கு இப்படிப் பலர் இருந்து பதப்படுத்திய வீடுதான் சரிப்படும், புத்தம்புது ஓட்டில் உடம்பு அடங்காது. அதனால்தான் இவை கூட்டம் கூடுகின்றன. ஒரு பெரிய ஓடு காலியானால், பெரியது முதல் சிறியது வரை வரிசையில் நின்று, ஒன்று மாறியதும் அடுத்தது, அது விட்டதில் அதற்கடுத்தது என்று வீடு மாற்றிக்கொள்கின்றன. இதைப் பெலிஸ் நாட்டில் நேரில் பார்த்து 2010-ல் பதிவு செய்திருக்கிறார்கள். "துறவிதானே, ஒன்று போதும்" என்று ஒற்றை நண்டையும் ஒரு பெயின்ட் அடித்த ஓட்டையும் வாங்கிப் போனவர்களுக்குப் பெயரே வழி தவறச் செய்துவிட்டது.

ஜப்பானில் நிலத்துத் துறவி நண்டுகளை 1970-ல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பிடிக்கலாம். மற்ற பல இடங்களில் அப்படியில்லை. கடைகளில் விற்கும் நண்டு அனேகமாக எல்லாமே ஏதோ ஒரு கரையிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டதுதான்.

2018-ல் அமெரிக்காவில் ஓர் எழுத்தாளர் தன் வீட்டிலேயே கரீபியன் நண்டுகளை முட்டையிலிருந்து வளர்த்துக் கரையேற்றினார். செயற்கைக் கடல் நீர், இரவு பகலாகத் தீனி, தண்ணீர் மாற்றுவது என்று மாதக்கணக்கில் உழைத்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் இருநூறு அளவில் பிழைத்தன. அவற்றுக்காகச் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓடுகளைத் தேடிப் பிடித்துத் தண்ணீருக்குள் போட்டு வைத்திருந்தார். குஞ்சுகள் அதை உருட்டிப் பார்த்து, காலை விட்டு அளந்து பார்த்து, உள்ளே நுழைந்துகொண்டு ஒவ்வொன்றாக மணலுக்கு ஏறி வந்தன.