யானை காக்கும் புத்தகங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்தில் 70 லட்சம் நூல்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய எவ்வளவு காலம் ஆகும்? நூலகத்தார் போட்ட கணக்கு: ஆயிரம் ஆண்டுகள்! 'ஆறே ஆண்டில் முடித்துத் தருகிறேன்' என்றார் அங்கேயே பொறியியல் படித்துவிட்டுப் போன பழைய மாணவர் ஒருவர். பெயர் லாரி பேஜ். கூகிளைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

சும்மா சொல்லவில்லை. 2002-ல் அவரும் மரிஸ்ஸா மேயரும் 300 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்து, தாளக் கருவியின் தட்டலுக்கேற்பப் பக்கம் புரட்டிப் பார்த்தார்கள். 40 நிமிடம் ஆனது. அந்தக் கணக்கிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

2004 டிசம்பரில் கூகிள் திட்டத்தை அறிவித்தது. மிச்சிகனோடு ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட், நியூயார்க் பொது நூலகம் ஆகியவையும் சேர்ந்தன. ஸ்கேன் செய்யும் செலவு கூகிளுடையது, புத்தகம் பத்திரமாக அலமாரிக்குத் திரும்பிவிடும். இலவசமாக ஒன்று கிடைக்கும்போது ஒப்பந்தத்தை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள்? மிச்சிகன் படித்தது. ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மின்பிரதி நூலகத்துக்கும் தரப்பட வேண்டும் என்பது அதன் ஒப்பந்தத்தில் இருந்தது. அப்போது இது சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும்.

2005-ல் எழுத்தாளர் சங்கமும் பதிப்பாளர்களும் கூகிள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2008-ல் 12.5 கோடி டாலருக்கு ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. அது நிறைவேறியிருந்தால், அச்சில் இல்லாத பழைய நூல்களை விற்கும் பெரிய கடையாகக் கூகிள் மாறியிருக்கும். நூலகங்கள் தாங்கள் கொடுத்த புத்தகத்துக்கே சந்தா கட்டும் நிலை! 2011-ல் நீதிபதி டென்னி சின் அதை நிராகரித்தார். ஸ்கேன் செய்து தேட விடுவதும், சில வரித் துணுக்குகளைக் காட்டுவதும் நியாயமான பயன்பாடுதான் என்று 2013-ல் அவரே தீர்ப்பளித்தார். 2016-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது.

வழக்கு நடக்கும்போதே நூலகங்கள் தம் பிரதிகளை ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கிவிட்டன. 2008 அக்டோபரில் மிச்சிகன், இந்தியானா, கலிஃபோர்னியா முதலிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பெயர் ஹாதிட்ரஸ்ட். ஹாதி என்றால் ஹிந்தியில் யானை, நினைவாற்றலுக்கு அடையாளமாம். இன்று அங்கே 1.7 கோடிக்கும் மேற்பட்ட தொகுதிகள் உள்ளன.

யானைக்கும் அடி சறுக்கியது. உரிமையாளர் யாரென்று தெரியாத 'அநாதை நூல்களை'த் திறந்துவிட 2011-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் இருந்த ஓர் எழுத்தாளர் உயிரோடேயே இருந்தார்! திட்டம் நிறுத்தப்பட்டது, எழுத்தாளர் சங்கம் வழக்கும் போட்டது. ஆனால் அந்த வழக்கில்தான் 2014-ல் ஒரு நல்லது நடந்தது. பார்வையற்றவர்களுக்கும் அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கும் முழு நூலையும் தரலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கையில் பிரதி இல்லாத நூலகத்துக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

2020-ல் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது மறுபடி அந்தப் பிரதிகள் கைகொடுத்தன. உறுப்பு நூலகத்தின் அலமாரியில் எத்தனை அச்சுப் பிரதிகள் இருக்கின்றனவோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர் மட்டும் மின்வடிவில் படிக்கலாம் என்ற ஏற்பாடு. பூட்டிய கட்டடத்துக்குள்ளிருந்து மாணவருக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் பி.எல். 480 திட்டத்தின்கீழ் இந்திய நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டன. தமிழ் நூல்களும் அப்படிக் கப்பல் ஏறின. ஹாதிட்ரஸ்டில் தேடினால் தமிழ்த் தொகுதிகள் வரத்தான் செய்கின்றன. காப்புரிமை முடிந்ததைப் படிக்கலாம். முடியாததற்குத் தேடிய சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்தப் பக்கத்தைப் பார்க்க, இன்னும் ஏதாவது ஒரு நூலகத்தின் படியேறித்தான் ஆகவேண்டும்.