கிடார் கழுத்துக்கு ஒரு கறுப்பு

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கிடார் என்று பேச்செடுத்தால் அது பண்ணைப்புரத்தில்தான் போய் நிற்கும். பாவலர் வரதராஜனும் தம்பிகளும் ஊர் ஊராகக் கச்சேரி செய்ததும், அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976இல் ‘அன்னக்கிளி’ வழியே இளையராஜாவாக வெளிவந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு கிடார் வாங்கிய நம் பக்கத்துப் பையன்களில் என் நண்பனும் ஒருவன். அவன் இப்போது இல்லை. கிடார் இருக்கிறது. சென்ற ஆண்டு அவன் மகள் அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

நல்ல கிடாரில் விரல் பதியும் பலகை கருங்காலியாகவோ தோதகத்தியாகவோ இருக்கும். மலிவான கிடாரில் வெள்ளை மரத்தின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். சில வருட வாசிப்பில் பெயிண்ட் தேய்ந்து, விரல் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிடும். நண்பனின் கிடாரில் அந்த இடங்கள் லேசாகக் குழிந்தும் இருந்தன. “குழியை மட்டும் அடைத்துவிடாதீங்க மாமா, அது அப்பா விரல்” என்றாள். ஆகவே பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கும் யோசனையை விட்டேன். மேலே படிகிற பூச்சு வேண்டாம். மரத்துக்குள் இறங்குகிற சாயம்தான் வேண்டும்.

நம் ஆசாரிமார் மரத்துக்கு நிறமேற்றப் பயன்படுத்தியது பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, தேவையான கலர் பொடியைச் சேர்ப்பார்கள். பிஸ்மார்க் பிரவுன் என்ற பொடி 1860களில் ஐரோப்பாவில் பிறந்த செயற்கைச் சாயம். ஜெர்மானிய மந்திரியின் பெயரோடு நம் ஊர்ப் பட்டறை வரை வந்து சேர்ந்தது.

ஸ்பிரிட் கிடைப்பதுதான் பெரும்பாடு. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. சாராயம் கிடைக்காதவர்கள் வார்னிஷைக் குடிக்கத் தொடங்கினார்கள். உயிரும் கண்ணும் போயின. எரிசாராயத்துக்கும் பிரெஞ்சு பாலிஷுக்கும் அரசு 1959இல் தனி விதிகள் போட்டு உரிமம் வைத்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்தது. நாற்காலிக்கு நிறமேற்றும் ஆசாரியின் பாட்டிலும் குடிகாரனின் பாட்டிலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன.

தவிரவும், பிரெஞ்சு பாலிஷ் கழுத்தின் பின்பக்கத்துக்குப் பொருந்தும். கம்பியை அழுத்தும் முன்பக்கத்தில் நிற்காது, தேய்ந்துவிடும்.

கடைசியில் வழி கிடைத்தது நாட்டு மருந்துக் கடையில்: கடுக்காயும் அன்னபேதியும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியிலுள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். பழைய எழுதும் மை இதே சேர்க்கைதான். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணியில் எழுதும் கறுப்பும் இதன் உறவு. துணியில் ஏறிய கடுக்காயோடு, வெல்லத்தில் ஊறிய இரும்பு சேர்வதால் வருவது அது.

செய்முறை எளிது. பழைய பெயிண்டைக் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சுரண்டி, உப்புத்தாளால் குழி கலையாமல் துடைத்தேன். கொட்டை நீக்கிய கடுக்காயை இடித்து, ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டிய தண்ணீரை இரண்டு முறை பூசிக் காயவிட்டேன். பிறகு அன்னபேதி கரைத்த தண்ணீர். துணி படப்பட மரம் நீலங்கலந்து கறுத்தது. மறுநாள் இன்னும் கறுத்தது. ஈரத்தில் எழும்பிய நாரை மீண்டும் உப்புத்தாளால் அடக்கி, ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். முதலில் ஒரு துண்டு மரத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம்; எல்லா மரமும் ஒன்றுபோல் கறுக்காது.

“நிஜத் தோதகத்தியே போடலாமே” என்பீர்கள். பிரேசில் தோதகத்தி அருகியதும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் நம் நாட்டு மரத்துக்கு மாறியது. அந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இல் சட்டமே வந்தது. 2017 முதல் தோதகத்தி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல்தான் விலக்கு கிடைத்தது. நம் மேற்கு மலையில் மிச்சமிருப்பது அங்கேயே நிற்கட்டும்.

உங்கள் பரணிலும் வெளுத்த கழுத்தோடு ஒரு கிடார் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடுக்காய்க்கு உரிமம் தேவையில்லை.